எண்ணெய் கசிகிறது, டப்பா விரிசல் விடுகிறது, பொடி கட்டியாகிறது: பாட்டில், டப்பா தொல்லைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஒரு தடவைக்கு முப்பது, ஐம்பது பாட்டில் என்ற அளவில் மூலிகைத் தலை எண்ணெய், கற்றாழை ஜெல், பன்னீர், லிப் பாம், குளியல் பொடி என்று செய்து விற்பவர்களுக்கு ஒரு புகார் வந்தால், கை முதலில் போவது செய்முறை நோட்டுக்குத்தான். வாடை மாறிவிட்டதா, மூலிகையைக் குறை. ஜெல் நீர்த்துவிட்டதா, கோந்தைக் கூட்டு. இப்படி நன்றாக இருந்த செய்முறையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதைத் தொடுவதற்கு முன்னால், பொருளை ஊற்றி வைத்த பாட்டிலை விசாரித்தாக வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு முறை செய்யும்போதும் மூன்று பாட்டிலை விற்காமல் எடுத்து வையுங்கள். ஒன்று கண்ணாடி பாட்டில், நல்ல மூடி போட்டு அலமாரிக்குள் இருட்டில். இன்னொன்று நீங்கள் விற்கும் அதே பாட்டில், அதே அலமாரியில். மூன்றாவதும் விற்கும் பாட்டில்தான், ஆனால் ஜன்னல் ஓரத்தில். ஒரே நாளில், ஒரே பாத்திரத்திலிருந்து மூன்றையும் நிரப்ப வேண்டும். மேலே தேதி எழுதுங்கள். ஜன்னலில் இருப்பது மட்டும் கெட்டால் வெளிச்சமோ வெயில் சூடோதான் காரணம். கண்ணாடியில் இருப்பது நன்றாக இருந்து மற்ற இரண்டும் கெட்டால் பிளாஸ்டிக்கையோ மூடியையோ பிடியுங்கள். மூன்றும் கெட்டால்தான் செய்முறை நோட்டைத் திறக்க வேண்டும். கண்ணாடியில் இருப்பதைக் கண்ணாடிச் சாட்சி என்று சொல்லிக்கொள்வோம். கீழே பல இடங்களில் இது தேவைப்படும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள், எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட், 2 எச்.டி.பி.ஈ, 4 எல்.டி.பி.ஈ, 5 பி.பி., 6 பாலிஸ்டைரீன். எண்ணே இல்லாத பாட்டிலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பிறகு தொல்லை வரும்போது என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

கூரியரில் போன எண்ணெய் கசிந்து வந்தது

இதுதான் அதிகம் வரும் புகார். முதலில் எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடியுங்கள். பாட்டிலை நன்றாகத் துடைத்து, மூடியைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, ஒன்றைப் படுக்க வைத்தும் ஒன்றைத் தலைகீழாகவும் ஒரு நாள் முழுக்க விடுங்கள். எண்ணெய்க் கறை மூடியின் கீழ் விளிம்பில் வட்டமாக வந்தால் மூடி சரியாக அழுந்தவில்லை. ஃப்ளிப் டாப்பின் மேல் ஓட்டையில் வந்தால் அந்தச் சின்ன மூடியின் குமிழ் ஓட்டையை இறுக்கமாக அடைக்கவில்லை. பாட்டிலின் அடியில் வந்தால் பாட்டிலே ஓட்டை, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள்.

மூடி அழுந்தாததற்கு முக்கியமான காரணம் வாய் அளவு. 24/410 என்று கடைக்காரர் சொல்வதில் 24 என்பது வாயின் மரை வெளிவிட்டம், மில்லிமீட்டரில். 410 என்பது மரையின் உயரத்தையும் சுற்றுக்களையும் குறிக்கும் அமைப்பு. 400, 410, 415 என்று போகப் போகச் சுற்று கூடும், கழுத்தும் உயரும். 24 என்று மட்டும் கேட்டு மூடியைத் தனியாக வாங்கினால் ஏமாறுவது இங்கேதான். 415 மூடியை 410 வாயில் போட்டால் மரை அழகாக ஏறும், முழுக்க இறங்கியதுபோலவும் தெரியும். ஆனால் மூடியின் விளிம்பு பாட்டிலின் தோளில் முட்டி நின்றிருக்கும். மூடிக்குள் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் வட்டத் துண்டு, அதாவது வாட், வாயைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் கசியாமல்கூட இருக்கலாம். எண்ணெய்க்கு அந்த இடைவெளி போதும். எந்தப் பொருளை விற்கிறீர்களோ அதை ஊற்றித்தான் கசிவைப் பார்க்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் கசிந்தால் வாட்டைப் பாருங்கள். நுரைபோல இருக்கும் வாட், மூடிய சில மணி நேரத்தில் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்துவிடும். அதனால் இன்று மூடியதை நாளை ஒரு முறை மறுபடி இறுக்கிவிட்டுப் பெட்டியில் அடுக்குவது நல்லது. சின்ன வேலைதான், பல கசிவுகள் இதிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது காரணம் விளிம்பு வரை நிரப்புவது. தாராளமாகக் கொடுக்கிறோம் என்று கழுத்து வரை ஊற்றுகிறோம். தாவர எண்ணெய் சூட்டில் விரியும். 25 டிகிரியில் ஊற்றிய 100 மில்லி, சித்திரை வெயிலில் நிற்கும் கூரியர் வண்டிக்குள் 50 டிகிரியைத் தொட்டால், ஏறக்குறைய 2 மில்லி கூடியிருக்கும். அந்த 2 மில்லிக்கு உள்ளே இடமில்லை என்றால் மூடி வழியாகத்தான் வெளியே வரும். கழுத்துக்குக் கீழே, தோள் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஃபாயில் சீல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூட்டில் ஒட்டும் இண்டக்‌ஷன் சீலின் அடிப்பூச்சு எந்தப் பிளாஸ்டிக்குக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். எச்.டி.பி.ஈ பாட்டிலுக்கானது பெட் பாட்டிலில் சரியாக ஒட்டாது. கையால் அழுத்தி ஒட்டும் சீலுக்கு எண்ணெய் பெரிய விரோதி. வாயில் ஒரு துளி எண்ணெய் வழிந்திருந்தாலும் ஒட்டியதுபோல இருந்து வழியில் கழன்றுகொள்ளும். புனலின் மூக்கு பாட்டிலுக்குள் நன்றாக இறங்கும்படி வைத்து ஊற்றுங்கள், வாயைத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சீல் வையுங்கள்.

பாட்டில் வயிறு ஒட்டி உள்ளே ஒடுங்கிவிட்டது

மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்' என்று காற்று உள்ளே போய், பாட்டில் பழைய வடிவுக்கு வந்தால், உள்ளே காற்றழுத்தம் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் சூடாக ஊற்றி உடனே மூடியதுதான் காரணம். ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி, பாட்டிலின் சுவரை இழுத்துக்கொள்கிறது. கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு ஊற்றினால் தீர்ந்தது. மாதங்கள் கழித்து ஒடுங்கினால் வேறு சங்கதி. எண்ணெய், மேலே இருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு காறத் தொடங்கியிருக்கலாம். முகர்ந்து பாருங்கள்.

திறந்த பிறகும் ஒடுக்கு நிமிரவில்லை என்றால் பிளாஸ்டிக்கே மாறியிருக்கிறது. பெட் சுமார் 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெயை அதில் ஊற்றினால் பாட்டில் கோணிக்கொள்ளும். அதே காரணத்தால் பெட் பாட்டிலைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது. 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் அலசி, கவிழ்த்து, முழுக்க உலரவிட வேண்டும். உலராத பாட்டிலில் எண்ணெய் ஊற்றினால் அடியில் வெண்மையாகக் கலங்கி நிற்பது அந்த ஈரம்தான்.

கற்பூரம், யூக்கலிப்டஸ், புதினா எண்ணெய் கலந்தவற்றை எல்.டி.பி.ஈ பாட்டிலில் வைத்தால் இன்னொரு வகை ஒடுக்கு வரும். அந்த ஆவிப்பொருள்கள் சுவருக்குள் ஊறி, மெல்ல வெளியேறவும் செய்யும். பாட்டில் தொட்டால் மெத்தென்று இருக்கும், வெளியே வாடை அடிக்கும், உள்ளே வாடை குறைந்திருக்கும். இவற்றுக்குக் கண்ணாடிதான். உடையும் என்ற பயம் இருந்தால் பெட், ஆனால் சாட்சி வைத்துப் பார்த்த பிறகு.

டப்பா விரிசல் விடுகிறது, ட்ராப்பர் ரப்பர் பிசுபிசுக்கிறது

பளபளவென்று கண்ணாடிபோல இருக்கும் விலை குறைந்த க்ரீம் டப்பாக்களில் பல பாலிஸ்டைரீன். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கரையும் அளவுக்குப் போகாவிட்டாலும் உள்சுவர் மங்கும், நுண்விரிசல் விழும். அடியில் 6 என்று இருந்தால் வாசனை எண்ணெய் சேர்த்த எதையும் அதில் போடாதீர்கள். அக்ரிலிக் டப்பாவிலும் இதே கவனம் வேண்டும். அதற்கு ஆல்கஹால் ஆகாது. நல்ல அக்ரிலிக் டப்பாக்களுக்குள் தனியாக ஒரு பி.பி. கிண்ணம் இருக்கும். க்ரீம் தொடுவது அந்தக் கிண்ணத்தை மட்டுமே. அது இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்து வாங்குங்கள்.

ஷாம்பூ வைத்த பாட்டில் கீழ் மூலையில் மட்டும் கீறியதுபோல விரிசல் விட்டால், யாரும் கீழே போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நுரைக்கும் பொருள்கள் பாலிஎதிலீனில் (எச்.டி.பி.ஈ, எல்.டி.பி.ஈ இரண்டும் அதன் வகைகள்) அழுத்தம் தங்கியிருக்கும் இடங்களை மெல்லப் பிளக்கும். சுவர் தடிமனான பாட்டிலுக்கோ பெட்டுக்கோ மாறுங்கள்.

சீரம் பாட்டிலின் ட்ராப்பர் ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, கறுப்பாகக் கையில் ஒட்டினால் அது எண்ணெயாலும் வாசனை எண்ணெயாலும் வந்தது. சாதாரண ரப்பருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் கேளுங்கள். சிலிக்கோன் குமிழ் எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தலைமுடிக்கான சிலிக்கோன் சீரத்தை அதில் போட்டால் குமிழ் பொம்மிவிடும், ஏனென்றால் சிலிக்கோன் திரவத்தைச் சிலிக்கோன் ரப்பர் குடிக்கும். எதுவானாலும் ட்ராப்பரைத் தனியாகப் பெட்டியில் வைத்து, பாட்டிலைச் சாதாரண மூடியோடு அனுப்புவது இன்னும் பாதுகாப்பு. படுத்துக்கொண்டு பயணம் செய்யும் பாட்டிலில் ரப்பர் நாள்கணக்கில் எண்ணெயில் ஊறும்.

அலுமினிய டப்பாவில் கறுப்புப் புள்ளி, தகர டப்பாவின் மடிப்பில் துரு: இரண்டும் தண்ணீர் கலந்த பொருளை அதில் வைத்ததால் வருவது. உலோக டப்பா லிப் பாம், தைலம் போலத் தண்ணீரே இல்லாதவற்றுக்கு மட்டும்.

பச்சை எண்ணெய் பழுப்பாகி, காறல் வாடை வருகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்த் தலை எண்ணெய்களின் பெருமையே அந்த நிறம். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, மருதாணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் பச்சை, இலைப் பச்சையம் எண்ணெயில் இறங்கியதால் வருவது. அந்த அழகு தெரியட்டும் என்று நிறமில்லாத பாட்டிலில் ஊற்றிக் கடை அலமாரியில் வைக்கிறோம். பச்சையம் வெளிச்சத்தைப் பிடிக்கவே இருக்கும் பொருள். இலைக்குள் அதனால் உணவு உண்டாகிறது. எண்ணெய்க்குள், பிடித்த வெளிச்சத்தின் சக்தி அங்கே கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்குப் போய், அதை எண்ணெயோடு வேகமாக வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அதனால் மூலிகை போடாத வெறும் எண்ணெயைவிட, நிறைய இலை போட்ட உங்கள் எண்ணெய் வெளிச்சத்தில் சீக்கிரம் காறும். இருட்டில் இருந்தால் இந்தக் கேடு நடக்காது.

ஆகவே ஆம்பர் என்று சொல்லும் பழுப்புக் கண்ணாடி அல்லது ஆழ்ந்த ஆம்பர் பெட். பழுப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிரையும் நீல வெளிச்சத்தில் பெரும் பகுதியையும் தடுக்கும். நீலக் கண்ணாடி பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அது உள்ளே விடுவதே நீல வெளிச்சத்தைத்தான். பழுப்பு அளவுக்குக் காப்பாற்றாது. பச்சை நிறத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் நிறமில்லாத பாட்டிலைக் காகித அட்டைப் பெட்டிக்குள் வைத்து விற்கலாம். வாங்கியவர் பெட்டியோடு வைத்துக்கொள்ளும்படி மேலே எழுதுங்கள்.

அலமாரியில் இருட்டில் வைத்த விற்கும் பாட்டிலும் காறியிருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். எச்.டி.பி.ஈ ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஆக்சிஜனை விட்டுவிடும். பெட் அதற்கு நேர் எதிர்: ஆக்சிஜனை எச்.டி.பி.ஈயைவிட நன்றாகத் தடுக்கும், நீராவியை அவ்வளவாகத் தடுக்காது. எண்ணெய்க்குப் பெட் பொருந்துவதும், பன்னீர் நீண்ட நாள் பெட்டில் இருந்தால் மட்டம் கொஞ்சம் இறங்குவதும் இதனால்தான். வைட்டமின் சி சீரம் பழுப்பாவதற்கும் காற்றே பெரிய காரணம். பழுப்புப் பாட்டில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு முறை ட்ராப்பரைத் திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறது. காற்றுப் புகாத ஏர்லெஸ் பம்ப், அதுவும் 15 மில்லி அளவில், இதற்குப் பொருத்தம்.

ஜெல், க்ரீம் டப்பாவின் மூடியில் பூஞ்சை

பூஞ்சை க்ரீமின் மேல் இல்லாமல் மூடியின் உள்பக்கத்திலும் மேல் விளிம்பிலும் மட்டும் இருந்தால், சூடு ஆறுவதற்கு முன் மூடியிருக்கிறீர்கள். ஆவி மூடியில் துளித்துளியாகப் படியும். அது வெறும் தண்ணீர், கெடாமல் இருக்க க்ரீமில் சேர்க்கும் பதப்படுத்தி என்ற பொருள் அதில் இல்லை. பூஞ்சைக்கு அந்த ஒரு துளி போதும். சுத்தமான துணியால் மூடி ஆறவிட்டு, பிறகு மூடி போடுங்கள்.

க்ரீமின் நடுவில், விரல் படும் இடத்தில் வந்தால் அகன்ற வாய்தான் வழி விட்டிருக்கிறது. குளியலறையில் ஈரக் கையோடு எடுக்கும் பொருளுக்கு அகல டப்பா வேண்டாம். ட்யூபோ பம்போ கொடுங்கள். சின்னக் கரண்டி போட்டுக் கொடுக்கிறோம் என்பார்கள், அதை எத்தனை பேர் கழுவி உலர்த்திப் பயன்படுத்துகிறார்கள்?

கண்ணாடிச் சாட்சியிலும் பூஞ்சை வந்தால் எந்தப் பாட்டிலும் உதவாது. தண்ணீர் உள்ள பொருளுக்குப் பதப்படுத்தி தேவை, அவ்வளவுதான். பூஞ்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை விற்க வேண்டாம்.

பம்ப் இழுக்கவில்லை, ஸ்ப்ரே பீய்ச்சுகிறது

பம்ப் பத்து முறை அழுத்தியும் வரவில்லை என்றால் உள்குழாய் அடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். குழாய் தரையோடு ஒட்டி அடைத்துக்கொண்டாலும் வராது. நுனியைச் சாய்வாக வெட்டினால் சரியாகும். ஏர்லெஸ் பாட்டிலில் நிரப்பும்போது காற்றுக்குமிழ் சிக்கினால் இழுக்காது. அடியை மேசையில் மெல்லத் தட்டிக் குமிழை மேலே கொண்டுவந்து, பிறகு பம்பை மாட்டுங்கள்.

கற்றாழைச் சாறு கலந்த பன்னீர் புகையாக வராமல் கோடாகப் பீய்ச்சினால் திரவம் தடிமன். மெல்லிய ஸ்ப்ரே மூக்கு தண்ணீர்போல இருப்பதை மட்டுமே புகையாக்கும். எண்ணெயும் அப்படித்தான் கோடாக வரும். முடிக்கு எண்ணெய் விட வேண்டுமென்றால் நீள மூக்கு மூடி போதும், ஸ்ப்ரேக்குச் செலவழிக்க வேண்டாம்.

உறைந்தது, உருகியது

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானலுக்கு எப்போதுமே இந்தப் புகார் வரும், மார்கழி தை மாதங்களில் மற்ற ஊர்களிலிருந்தும் வரும். குறுகிய வாய்ப் பாட்டிலில் உறைந்த எண்ணெயை வாங்கியவர் கம்பியால் குத்திப் பார்ப்பார். அந்த இரண்டு மாதம் மட்டும் அகல வாய் டப்பாவில் விற்பவர்கள் இருக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் உறைவது இயல்பு, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைக்கவும் என்று லேபிளில் இருக்கட்டும்.

லிப் பாம் சுழற்றும் குழாயின் அடியில் எண்ணெய் கசிந்தால் மிகச் சூடாக ஊற்றியிருக்கிறீர்கள். கலவை லேசாகத் தடிக்கத் தொடங்கும்போது ஊற்றுங்கள். நடுவில் குழி விழுந்தால் ஆறியதும் மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். இப்போது பலரும் விரும்பும் அட்டைக் குழாய்களில் உள்ளே எண்ணெய் தாங்கும் பூச்சு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரத்தில் வெளியே கறை தெரியும்.

பொடி கட்டியாகிறது, வண்டு வருகிறது

நலங்கு மாவு, குளியல் பொடியைக் காகிதப் பவுச்சில், முன்னால் ஜன்னல் வைத்து விற்பது வழக்கமாகிவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் வெறும் காகிதம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றை நிறுத்தாது. உள்ளே அலுமினிய ஃபாயில் அடுக்கு உள்ள பவுச் வாங்குங்கள். ஜிப்பை மட்டும் நம்பாமல் அதற்கு மேலே சூட்டு சீல் வையுங்கள். சீல் சரியா என்று அறிய, ஒரு பவுச்சைத் தண்ணீரில் முக்கி அழுத்துங்கள், குமிழி வந்தால் ஓட்டை. ஓரத்தில் பொடி சிக்கியிருந்தால் சீல் அங்கே ஒட்டாது.

வண்டுக்குப் பவுச்சைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் முட்டை பயறோடும் கிழங்கோடும் வந்தது. அரைத்த பொடியைக் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் பொடியில் பனி படியாது.

அளவு குறைவு என்கிறார்கள், லேபிள் உரிகிறது

100 மில்லி தேங்காய் எண்ணெயின் எடை ஏறக்குறைய 92 கிராம். தராசில் 100 வரவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் மேல் தப்பில்லை, லேபிளில் மில்லி என்று தெளிவாக இருக்க வேண்டும். பொடிக்கு இது எதிர்ப்பக்கம்: 100 கிராம் பொடி 100 மில்லி டப்பாவில் அடங்காது. வாங்குவதற்கு முன் உங்கள் பொடியை நிறுத்து, அளவுக் குவளையில் போட்டுப் பாருங்கள்.

சாதாரணக் காகித ஸ்டிக்கர் எண்ணெய் பட்டதும் கண்ணாடிக் காகிதம்போல ஆகும், இங்க்ஜெட் மை ஓடும். பிளாஸ்டிக் ஃபிலிம் லேபிள் வாங்குங்கள், அழுத்தும் பாட்டிலில் அது காகிதம் அளவுக்குச் சுருங்கவும் செய்யாது. நிரப்பிய பிறகு ஒட்டாமல், காலிப் பாட்டிலில், எண்ணெய் படாத கையால் ஒட்டுங்கள். லேபிள் உரிந்தால் போவது அழகு மட்டும் அல்ல. 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகள் கேட்கும் உரிம எண், பேட்ச் எண், உட்பொருள் பட்டியல், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி எல்லாமே அதில்தான் இருக்கின்றன.

போன முறை பொருந்திய மூடி இந்த முறை பொருந்தவில்லை

மொத்தக் கடைகளில் ஒரே ரகம் என்று கொடுப்பது வேறொரு அச்சில் வார்த்ததாக இருக்கலாம். ஒவ்வொரு முறை பாட்டில் வாங்கும்போதும் பழைய பாட்டில் ஒன்று, பழைய மூடி ஒன்று கையில் எடுத்துப் போங்கள். புது மூடியைப் பழைய பாட்டிலிலும், பழைய மூடியைப் புதுப் பாட்டிலிலும் போட்டுப் பாருங்கள். காலிப் பாட்டிலை எடை போடுங்கள், போன முறையைவிடக் குறைந்திருந்தால் சுவரை மெல்லியதாக்கியிருக்கிறார்கள். ஆயிரம் வாங்கினால் விலை குறையும் என்பார்கள். புது அச்சில் வந்த சரக்கு என்றால் முதலில் பன்னிரண்டு வாங்கி, பொருளை நிரப்பி, ஒரு மாதம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.